டீனேஜ் பிள்ளையோட முதல் ஆப்பிரிக்கா வேட்டை: ஈஸ்டர்ன் கேப்பா, லிம்போபோவா, நமீபியாவா?

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்கள்ல கொஞ்சம் பேரு இப்போ பிள்ளைங்களோட மான் வேட்டைக்குப் போறாங்க, டெக்சாஸ், விஸ்கான்சின், பென்சில்வேனியா பக்கமெல்லாம் பாக்கலாம். பசங்க ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சு, ரெண்டு மூணு சீசன் ஒயிட்டெய்ல் மான் சுட்டுப் பழகினதுக்கு அப்புறம் "ஆப்பிரிக்கா போலாமாப்பா"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. அப்பா அம்மாவுக்கு அங்கதான் சிக்கல். இந்தியாவுல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் வேட்டை படிப்படியா முடிஞ்சு போச்சு, அதனால வீட்டுப் பெரியவங்க யாருகிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க வழி இல்ல, அவுட்ஃபிட்டருங்களை, அதாவது வேட்டைக்கு ஏற்பாடு பண்ணிக் குடுக்கிறவங்களைக் கேட்டா அவங்கவங்க இடம்தான் சொர்க்கம்னு சொல்லுவாங்க.

நான் என் பொண்ணுக்காக இதையெல்லாம் அலசினப்போ எடுத்த குறிப்புதான் இது. ஒப்பிடுறது மூணு இடம்: தென்னாப்பிரிக்காவுல ஈஸ்டர்ன் கேப், லிம்போபோங்கற ரெண்டு மாகாணம், அப்புறம் பக்கத்து நாடு நமீபியா. பேசப்போறது பிளெய்ன்ஸ் கேம் பத்தி மட்டும், அதாவது இம்பாலா, ஸ்பிரிங்பாக், பிளெஸ்பாக், ஜெம்ஸ்பாக், கூடூ, வில்டபீஸ்ட்னு மான் வகைங்க, வார்ட்ஹாக்ங்கற காட்டுப்பன்னி வகையறா. சிங்கம், காட்டெருமைப் பேச்சே வேண்டாம், முதல் தடவைக்கு அது பிள்ளைங்க விஷயம் இல்ல.

## எதை வச்சு முடிவு பண்றது

பெரும்பாலானவங்க விலைப்பட்டியலைத்தான் முதல்ல பாக்குறாங்க. நான் முதல்ல பாக்குறது அங்க பிள்ளைக்கு எந்த மாதிரி ஷாட் கிடைக்கும்ங்கறது. எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் கிடைக்கும், எதுமேல சாய்ச்சு வச்சுச் சுடலாம், இந்த மூணும் இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும்.

ரெண்டாவது, பிள்ளை "இல்லப்பா, இதை நான் சுடல"ன்னு சொன்னா அதனால யாருக்கும் நஷ்டம் வரக்கூடாது. இது எனக்கு ரொம்ப முக்கியம். "ஏழு நாள் ஏழு மிருகம்"னு பேக்கேஜ் எடுத்தா, நாலாவது நாள் ரெண்டுதான் ஆகியிருக்குன்னா அப்பாவுக்கும் பதட்டம், கைடுக்கும் பதட்டம், அது மொத்தமும் அந்த 14 வயசுக் குழந்தையோட ட்ரிகர் விரல்ல போய் உக்காரும். அதனால பேக்கேஜே வேண்டாம்கறேன், தினசரி வாடகை (தங்குறதுக்கும் கைடுக்கும் நாள் கணக்குல கட்டுறது) தனி, சுட்டதுக்கு மட்டும் காசுங்கற கணக்குல போங்க, பாக்குறதுக்குக் கொஞ்சம் கூட ஆகுற மாதிரி இருந்தாலும் பரவாயில்ல.

மத்தது எல்லாம் அடுத்து: மலேரியா, ஸ்கூல் லீவு, பேப்பர் வேலை, கூட வர்ற குடும்பம், மொத்தச் செலவு. லீவு விஷயத்துல மூணு இடமுமே ஒத்து வரும், நம்ம ஜூன், ஜூலைதான் அங்க குளிர்காலம், புல்லு காஞ்சு இலை கொட்டி மிருகம் நல்லா தெரியும், வேட்டைக்கு நல்ல நேரமே அதுதான். எல்லாரும் அப்பதான் வருவாங்க, அதனால ஒரு வருஷம் முன்னாடியே புக் பண்ணணும்.

ஒரு பார்வைக்கு:

| | ஈஸ்டர்ன் கேப் | லிம்போபோ | நமீபியா (நடுப்பகுதி) |
|---|---|---|---|
| நிலம் | மலைச்சரிவு, பள்ளத்தாக்கு, கரூங்கற வறண்ட வெட்டவெளி | முள்ளுக்காடு, புதர் | முள்ளுச் சவானா, கிழக்குல கலஹாரி மணல்மேடு |
| ஷாட் | தூரம் அதிகம், நேரம் கிடைக்கும் | கிட்ட, சில நொடிதான் | நடுத்தரம், நிறைய நடை |
| மலேரியா | இல்ல | வாட்டர்பெர்க்ல இல்ல, வடகோடியிலயும் க்ரூகர் பக்கமும் உண்டு | நடுவுலயும் தெற்கிலயும் இல்ல, வடக்குல உண்டு |
| துப்பாக்கி பேப்பர் | கூட வேலை | கூட வேலை | சுலபம் |
| குடும்பத்தோட சுத்த | அடோ யானைப் பூங்கா | க்ரூகர் தேசியப் பூங்கா | எட்டோஷா தேசியப் பூங்கா |

## ஈஸ்டர்ன் கேப்

ஜோகன்னஸ்பர்க்ல இறங்கி இன்னொரு ஃப்ளைட் பிடிச்சு கெபெஹா போகணும் (பழைய பேரு போர்ட் எலிசபெத், 2021ல மாத்தினாங்க). இங்க வேட்டை பெரும்பாலும் மேட்டுல உக்காந்து பைனாகுலர்ல தேடுறது, அப்புறம் காத்து பாத்து மெதுவா நெருங்குறது. பிள்ளைங்களுக்கு இதுல ஒரு பெரிய நன்மை, நாள் முழுக்க கண்ணுக்கு மிருகம் தெரிஞ்சுகிட்டே இருக்கும், போர் அடிக்காது. பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு பிளெஸ்பாக் மேஞ்சிட்டு இருக்கும், அதுக்கு நம்ம இருக்கிறதே தெரியாது, பிள்ளை படுத்து பையை முட்டுக் குடுத்து மூச்சை அடக்கி அஞ்சு நிமிஷம் கூட காத்திருக்கலாம்.

ஆனா அந்த ஷாட் 200, 250 மீட்டருக்குக் குறையாம வரலாம், காத்தும் அடிக்கும். ஸ்பிரிங்பாக் சின்ன உடம்பு, 40 கிலோ பக்கம்தான், நூறு மீட்டர்ல டார்கெட் பேப்பர் மட்டும் சுட்டுப் பழகின பிள்ளைக்கு அது கஷ்டம். குளிர்காலத்துல திடீர்னு மழை காத்தோட குளிர் வந்து ரெண்டு நாளு வீணாப் போகவும் வாய்ப்பு இருக்கு, தங்குற நாளைக் கொஞ்சம் கூட்டியே போடுங்க.

எப்போ இது நல்ல தேர்வு: அம்மா, தம்பி தங்கச்சி எல்லாரும் வர்றாங்கன்னா. மலேரியா மாத்திரை யாருக்கும் வேண்டாம், அடோ யானைப் பூங்கா அந்தப் பக்கமே இருக்கு, கடலும் கிட்ட. வேட்டை பிடிக்காத அம்மாவுக்கும் அது ஒரு நல்ல பயணமா அமையும். உண்ணி மட்டும் கவனம், புல்லுல நடந்துட்டு வந்தா ராத்திரி குளிக்கும்போது பிள்ளைங்களை முழுசா செக் பண்ணிக்கச் சொல்லுங்க, அந்த ஊர்ல உண்ணிக் காய்ச்சல் உண்டு.

## லிம்போபோ

ஜோகன்னஸ்பர்க் ஏர்போர்ட்ல இருந்து நேரா வண்டியிலயே போயிடலாம், இடத்தைப் பொறுத்து மூணு நாலு மணி நேரம், இன்னும் வடக்கேன்னா அதுக்கும் மேல. நாம படத்துல பாத்த ஆப்பிரிக்கா இதுதான், சிவப்பு மண்ணு, முள்ளு மரம், இம்பாலா கூட்டம், சாயங்காலம் தண்ணிக்கு வர்ற வார்ட்ஹாக்.

நடந்து வேட்டை ஆடினா இங்க ஷாட் கிட்டதான், 60லருந்து 120 மீட்டர், ஆனா புதருக்கு நடுவுல ஒரு இடைவெளியில மிருகம் வந்து நிக்கும், கைடு ஷூட்டிங் ஸ்டிக்ஸை (துப்பாக்கியைத் தாங்குற கம்புங்க) விரிச்சு "இடது பக்கம் மூணாவது"ன்னு கிசுகிசுப்பாரு, மூணு நாலு நொடிக்குள்ள சுடணும் இல்லன்னா போயிடும். பெரியவங்களே தடுமாறுற இடம் அது. கூட்டத்துல தப்பான மிருகத்தைச் சுடுறது, குண்டு ஒண்ணைத் துளைச்சுப் போய் பின்னாடி நிக்கிற இன்னொண்ணு மேல படறது, ரெண்டும் இந்த மாதிரி இடத்துலதான் அதிகம், ரெண்டு மிருகம் பட்டா ரெண்டுக்கும் காசு கட்டணும்.

அப்புறம் ஏன் லிம்போபோவை லிஸ்ட்ல வச்சிருக்கேன்னா, தண்ணிக் குட்டை ஓரத்து மறைவிடத்துக்காக. டெக்சாஸ்ல பிளைண்ட்ங்கற மறைவுக் கூண்டுல உக்காந்து பழகின பிள்ளைக்கு இது அப்படியே கைவந்த வேலை. துப்பாக்கியைச் சாய்ச்சு வச்சு, 50, 80 மீட்டர்ல மிருகம் தானா வந்து நிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்து, பக்கவாட்டா திரும்பினதும் சுடலாம். பிடிக்கலையா, சுடாம பாத்துக்கிட்டே இருக்கலாம், அதுவும் நிறைஞ்ச நாள்தான். ஆகஸ்ட், செப்டம்பர் ஆக ஆக வறட்சி கூடி குட்டைக்கு வர்ற கூட்டமும் கூடும், ஜூன்ல காட்டுல அங்கங்க தண்ணி மிச்சம் இருந்தா இது கொஞ்சம் மந்தமாதான் இருக்கும்.

வாட்டர்பெர்க் பக்கம், வால்வாட்டர் மாதிரி இடமா பாத்தா மலேரியா பிரச்சனை இல்ல. எல்லையோர லிம்போபோ ஆத்துப் பக்கம்னா டாக்டர்கிட்ட மாத்திரை பத்திப் பேசிடுங்க, குளிர்காலத்துல அபாயம் குறைவுதான், ஆனாலும் குழந்தை விஷயம்.

வேலி பத்தி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவுல வேட்டைப் பண்ணைங்க பெரும்பாலும் உசந்த வேலி போட்டதுதான், அங்க சட்டப்படி மிருகம் பண்ணைக்காரருக்குச் சொந்தம்னு ஆகணும்னா அப்படி வேலி வேணும். பத்தாயிரம் ஏக்கர் வேலிக்குள்ள ஒரு கூடூவைத் தேடுறது உண்மையான வேட்டைதான், ஆனா ஐநூறு ஏக்கர்ல முந்தின வாரம் இறக்கிவிட்ட மிருகத்தைச் சுடுறது வேட்டை இல்ல. பரப்பளவு எவ்ளோ, மிருகம் அங்கயே பிறந்து வளர்ந்ததான்னு நேரா கேளுங்க. பிள்ளைங்க இதை நம்மளைவிட சீக்கிரம் கண்டுபிடிச்சிடுவாங்க, அப்புறம் அவங்களுக்கே அதுல மதிப்பு இருக்காது.

## நமீபியா

என் மனசு சாயுறது இங்கதான், மறைக்கல.

விண்ட்ஹோக்ல இறங்கி ரெண்டு மூணு மணி நேரத்துல பண்ணைக்குப் போயிடலாம். நிறைய இடத்துல மாட்டுப் பண்ணையும் காட்டு மிருகமும் ஒண்ணாவே இருக்கும், வேலி இருந்தா மாட்டுக்குப் போட்ட தாழ்வான வேலி, கூடூ அதைத் தாண்டிக் குதிக்கும், ஜெம்ஸ்பாக் அடியில நுழைஞ்சு போகும். டிராக்கர் கூட மணல்ல தடம் பாத்து நடக்குறது, காத்து மாறினா திரும்பிச் சுத்திப் போறது, ஒரு மணி நேரம் நடந்து கடைசியில மிருகம் ஓடிப் போறது, இதெல்லாம் ஒரு டீனேஜ் பிள்ளைக்கு வேற எங்கயும் கிடைக்காது. ஃபோன் சிக்னலும் பல இடத்துல கிடைக்காது, அது தனி நன்மை.

பிள்ளை ஸ்கூலுக்குத் திரும்பினதும் "ஏன் சுட்டே"ன்னு கேள்வி வரும், வரத்தான் செய்யும். அதுக்குப் பதில் சொல்லக்கூடிய தகவல் இந்த நாட்டுல இருக்கு. 1975ல வந்த சட்டம் பண்ணைக்காரங்களுக்கு அவங்கவங்க நிலத்து மிருகம் மேல உரிமை குடுத்துச்சு, அதுவரைக்கும் மாட்டோட புல்லுக்குப் போட்டியா பாத்த மானை அவங்க காப்பாத்த ஆரம்பிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். 1996ல அதே மாதிரி உரிமை கிராம சமூகங்களுக்கும் கன்சர்வன்சிங்கற பேர்ல வந்துச்சு. இதை எதிர்க்கிறவங்க வாதத்தையும் பிள்ளை கேக்கட்டும், படிக்கட்டும், அதுக்கப்புறம் தானா ஒரு நிலைக்கு வரட்டும். போறதுக்கு முன்னாடி இந்தப் பேச்சை வீட்டுல நடத்தாம கூட்டிட்டுப் போகாதீங்க.

கஷ்டம் என்னன்னா, நடை. ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் மேடு பள்ளத்துல நடக்க முடியாத பிள்ளைன்னா மூணாவது நாள் சோர்ந்துடும். காலையில கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரி, மதியம் டீ-ஷர்ட் வெயில், அடுக்கடுக்கா துணி வேணும். ஜெம்ஸ்பாக் இங்க ஏராளம், விலையும் பொதுவா தென்னாப்பிரிக்காவைவிடக் கம்மி, ஆனா அது 200 கிலோவுக்கு மேல இருக்கிற முரட்டு மிருகம், சரியா படலன்னா ரொம்ப தூரம் போகும், காயம்பட்ட ஜெம்ஸ்பாக் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நிக்கும், கிட்ட போகவே கூடாது. முதல் மிருகமா அதைச் சொல்ல மாட்டேன், ஸ்பிரிங்பாக்கோ வார்ட்ஹாக்கோ முதல்ல, பிள்ளை கை நிதானமானதும் ஜெம்ஸ்பாக்.

## துப்பாக்கி: கொண்டு போறதா, அங்க வாடகைக்கு எடுக்குறதா

இடத்துக்கு அடுத்து நிறைய பேரு குழம்புறது இதுலதான், ரெண்டு முடிவும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு.

நமீபியாவுல பெரிய மான் வகைக்கு, அதாவது கூடூ, ஜெம்ஸ்பாக், ஹார்ட்பீஸ்ட், வில்டபீஸ்ட், ஈலண்டுக்கு, குண்டு குழாயை விட்டுக் கிளம்பும்போது அதோட சக்தி குறைஞ்சது 2,700 ஜூல் இருக்கணும்னு சட்டம், ஸ்பிரிங்பாக் மாதிரி சின்னதுக்கு 1,350 ஜூல். நம்ம பசங்க நிறைய பேரு பழகியிருக்கிற .243 வின்செஸ்டர் ரகத் துப்பாக்கியில, 100 கிரெய்ன் எடைக் குண்டுல ஏறக்குறைய 2,600 ஜூல்தான் வரும், கோட்டுக்குக் கீழ. 6.5 க்ரீட்மோர் 3,000 ஜூல் பக்கம், 7 எம்எம்-08 அதுக்கும் மேல, ரெண்டுலயும் உதை (சுடும்போது துப்பாக்கி பின்னாடி இடிக்கிறது) 13, 14 வயசுத் தோளு தாங்குற அளவுதான். .30-06 எடுத்தா உதை .243 மாதிரி ரெண்டு மடங்கு, பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு ட்ரிகரை இழுக்கப் பழகிடும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டா விடுவிக்கிறது பெரிய பாடு. புதுசா வாங்குறதா இருந்தா 7 எம்எம்-08 என் ஓட்டு.

சொந்தத் துப்பாக்கி கொண்டு போனா பிள்ளையோட கை அளவுக்குப் பொருந்தின கட்டை (தோள்ல வைக்கிற பாகம்), பழகின ட்ரிகர், பழகின ஸ்கோப் (குறி பாக்குற தூரக்கண்ணாடி). இது சின்ன விஷயம் இல்ல, வாடகைத் துப்பாக்கி பெரியவங்க அளவுல இருக்கும், கட்டை நீளம் கூட இருந்தா பிள்ளை கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்குப் போகும், உதைக்கும்போது புருவத்துல அடிபடும். இன்னொரு பக்கம், அங்க வாடகைத் துப்பாக்கியில பெரும்பாலும் சப்ரெசர்ங்கற சத்தம் அடக்குற குழாய் மாட்டியிருப்பாங்க, சத்தமும் உதையும் நல்லாவே குறையும், பயந்த சுபாவம் உள்ள பிள்ளைக்கு அது வரம்.

பேப்பர் வேலைன்னு பாத்தா, தென்னாப்பிரிக்காவுல எஸ்ஏபிஎஸ் (அந்த நாட்டுப் போலீஸ்) 520 ஃபார்ம், அவுட்ஃபிட்டர் அழைப்புக் கடிதம், ரிட்டர்ன் டிக்கெட், துப்பாக்கி உங்களோடதுங்கறதுக்கு அத்தாட்சி எல்லாம் வேணும், பெர்மிட் வாங்குறவருக்கு 21 வயசு ஆகியிருக்கணும், அதனால பெர்மிட் அப்பா அம்மா பேர்ல, பிள்ளை உங்க நேரடிக் கண்காணிப்புல சுடும். நமீபியாவுல விண்ட்ஹோக் ஏர்போர்ட்லயே ஒரு ஃபார்ம் நிரப்பினா போதும். ஆனா ஜோகன்னஸ்பர்க் வழியா போறீங்கன்னா துப்பாக்கிப் பெட்டிக்கு நேரா விண்ட்ஹோக் வரைக்கும் டேக் போட்டிருக்கணும், நடுவுல எடுக்க வேண்டி வந்தா தென்னாப்பிரிக்கா பெர்மிட்டும் தேவைப்படும். அமெரிக்காவுலருந்து கிளம்பும் முன்னாடி கஸ்டம்ஸ் ஆபீஸ்ல துப்பாக்கியைக் காட்டி 4457 ஃபார்ம் வாங்கிக்கணும். குண்டு ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க.

முக்கியமா ஒண்ணு: எச்1பி மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியைத் திரும்ப அமெரிக்காவுக்குள்ள கொண்டு வர ஏடிஎஃப் (துப்பாக்கி விஷயம் பாக்குற அமெரிக்க அரசுத் துறை) அனுமதி தனியா வாங்கணும், அந்த நடைமுறையே வேற. அவங்களுக்கு யோசிக்கவே வேண்டாம், வாடகைதான். புக் பண்ணும்போதே பிள்ளையோட உயரம், கை நீளம் சொல்லி, அதுக்கு ஏத்த துப்பாக்கி இருக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க.

## அப்பாவும் சுடுறதா, கூட மட்டும் போறதா

ரெண்டு பேருக்கும் ஒரே கைடு வச்சுக்கிட்டா ஆளுக்குத் தினசரி வாடகை குறையும். ஆனா காலையில நல்ல ஒரு மிருகம் தெரிஞ்சா யாரோட முறைங்கற கேள்வி வரும், பிள்ளை விட்டுக் குடுக்கும், இல்ல அப்பா விட்டுக் குடுத்துட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு. முதல் பயணத்துக்கு நீங்க பார்வையாளரா பதிவு பண்ணிக்கோங்க, அந்தக் கட்டணம் வேட்டைக்காரருக்கு ஆகுறதைவிட ரொம்பக் குறைவு, கைடோட முழு கவனமும் பிள்ளை மேல இருக்கும். கடைசி ஒரு நாள் நீங்க ஒரு இம்பாலா சுட்டுக்கலாம்னு முன்கூட்டியே பேசி வச்சா அவுட்ஃபிட்டருங்க ஒத்துக்குவாங்க.

## பில்லுல முதல்ல தெரியாத செலவு

- காயம் பட்டுக் காணாம போனாலும் முழுக் காசு. ஒரு சொட்டு ரத்தம் விழுந்தா கணக்குல வந்துடும். இம்பாலான்னா சில நூறு டாலர், கூடூன்னா ரெண்டாயிரம் டாலருக்கு மேல போகும்.
- கொம்பு, தோலைப் பதப்படுத்தி, மரப்பெட்டி கட்டி, கப்பல்லயோ ஃப்ளைட்லயோ அனுப்பி, இங்க கஸ்டம்ஸ்ல ஏஜென்ட் வச்சு எடுக்குறது. ரெண்டு மூணு மிருகத்துக்கே ஆயிரக்கணக்குல ஆகும். மண்டையோடும் கொம்பும் மட்டும் போதும்னா செலவு நல்லா குறையும், ஃபோட்டோ மட்டும் போதும்னா சுத்தமா மிச்சம்.
- டிப்ஸ். கைடு, டிராக்கர், சமையல்காரர், தோல் உரிக்கிறவர் எல்லாருக்கும் தனித்தனியா.
- 15 சதவீத வாட், ரெண்டு நாட்டுலயும். சொன்ன விலையில அது சேர்ந்திருக்கான்னு கேளுங்க.
- கறியை வீட்டுக்குக் கொண்டு வர முடியாது. பண்ணை ஆளுங்களுக்கும் உள்ளூர்க் கறிக்கடைக்கும் போகும், அங்க இருக்கிற வரைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுல உங்களுக்கும் உண்டு.

## எங்க போனாலும் வீட்டுல செய்ய வேண்டிய பழக்கம்

ஒயிட்டெய்ல் சுட்டுப் பழகின பசங்க தோளுக்குப் பின்னாடி குறி வைப்பாங்க. ஆப்பிரிக்க மான் வகைக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னாடி, கீழ, ரெண்டு தோளுக்கு நடுவுல இருக்கு. முன்னங்காலை ஒட்டியே நேரா மேல போய் உடம்பு உயரத்துல மூணுல ஒரு பங்குல குறி வைக்கணும். பழைய பழக்கத்துல சுட்டா குண்டு ஈரல், வயிறு பக்கம் போயிடும், மிருகம் வதைபடும், அது ஒரு பிள்ளை மனசுல ரொம்ப நாள் நிக்கும். அதனால மிருகப் படங்களை பிரிண்ட் எடுத்து, பக்கவாட்டு, சாய்வு, எதிர்ப்புறம்னு ஒவ்வொண்ணுலயும் புள்ளி வைக்கச் சொல்லிப் பழக்குங்க, சாப்பாட்டு மேசையிலயே பண்ணலாம்.

அடுத்தது மூணுகால் ஷூட்டிங் ஸ்டிக்ஸ். ரேஞ்ச்ல பெஞ்ச்ல உக்காந்து சுடுறது ஸ்கோப் சரி பண்ண மட்டும்தான். மத்தபடி குண்டு இல்லாம வீட்டுல தினமும் கொஞ்ச நேரம் ஸ்டிக்ஸ் மேல நின்னு ட்ரிகர் பழக்கம், வாரக்கடைசியில .22 துப்பாக்கியில நிறைய, பெரிய துப்பாக்கியில கொஞ்சம். ஸ்டிக்ஸ் மேல நின்னுகிட்டு எந்தத் தூரத்துல பத்துக்குப் பத்து ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள்ள படுதோ அதுதான் பிள்ளையோட தூரம். 120 மீட்டர்னா 120, அதை முதல் நாளே கைடுகிட்ட பிள்ளையே சொல்லணும், நீங்க இல்ல. அந்தத் தூரம் 120க்குள்ள நின்னா லிம்போபோ மறைவிடம், 150 தாண்டி நல்லா நடக்கவும் செய்யும்னா நமீபியா, 200லயும் படுத்துச் சுட்டு நிதானமா அடிக்குதுன்னா ஈஸ்டர்ன் கேப் உட்பட எங்க வேணும்னாலும்.

பாஸ்போர்ட்டோட பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கிற முழு வடிவம், கையில இருக்கணும். ஒருத்தர் மட்டும் கூட்டிட்டுப் போனா மத்தவரோட நோட்டரி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் எடுத்துட்டுப் போங்க. இந்தியப் பாஸ்போர்ட்ல போற அப்பா அம்மா தென்னாப்பிரிக்காவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கணும், பிள்ளை அமெரிக்கப் பாஸ்போர்ட்னா அதுக்குத் தேவையில்ல. நமீபியா 2025 ஏப்ரல்லருந்து அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கும் விசா கேக்குது, ஆன்லைன்லயோ இறங்கினதும் ஏர்போர்ட்லயோ எடுத்துக்கலாம். அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி அவுட்ஃபிட்டருக்கு ஒரு ஈமெயில் போட்டு, "என் பிள்ளை ஒரு மிருகமும் சுடாம திரும்பினா நான் எவ்ளோ கட்டணும்"னு கேளுங்க. தினசரி வாடகை மட்டும்னு பதில் வர்ற இடத்துல புக் பண்ணுங்க.